இறப்பர் இறங்கி அரிசி ஏறிய பாதை



இன்று நான் பேசப் புகும் பொருளைக் கேட்டதும், அழைப்பிதழ் அச்சிட்ட அன்பர் எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று ஐயுற்று, ஒருமுறைக்கு இருமுறை என் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார். "ஐயா, லொறிகளைப் பற்றியா?" என்றார். ஆம், லொறிகளைப் பற்றித்தான். கம்பனைப் பற்றிப் பேச நம்மிடையே நூறு பேர் இருக்கிறார்கள். வள்ளுவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பாட்டன்மார் வெட்டிய பாலையும் நம் பாட்டிமார் கிள்ளிய கொழுந்தையும் சுமந்துகொண்டு, மழையென்றும் மண்சரிவென்றும் பாராமல் இந்தச் சப்ரகமுவ மலைகளில் ஏறியிறங்கிய பெட்போர்ட்டுக்கும் ஒஸ்டினுக்கும் கொமருக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் பேச யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாத குறைக்குத்தான் நான் வந்திருக்கிறேன்.

மேல்நாட்டாருக்குப் பழைய லொறி என்றால் ஏறத்தாழ ஒரு பக்தி. லேலண்ட் கம்பனி பிறந்த லேலண்ட் என்னும் ஊரிலேயே, சரக்கு வாகனங்களுக்கென்று ஒரு காட்சிசாலையை 1983 முதல் வைத்திருக்கிறார்கள். கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வண்டிகளை மெருகிட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தி, ஓய்வுபெற்ற சாரதிகள் ஒரு கியர்ப்பெட்டியைப் பற்றி மணிக்கணக்காக அளவளாவுகிறார்கள். கொமர் கம்பனியார் 1954இல், மூன்று உருளைகளுக்குள் ஆறு பிஸ்டன்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி ஓடும்படியாக ஒரு விசித்திரமான டீசல் யந்திரத்தைச் செய்தார்கள். அதன் குரைப்பொலியைக் கேட்பதற்கென்றே பிரயாணம் செய்துவரும் முதியவர்கள் அங்கே உண்டு. இந்த ஆசையை நான் பரிகசிக்கவில்லை. ஆயினும் ஒரு வித்தியாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்களுடைய ஏக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தவரின் ஏக்கம். நமக்கோ அந்த ஆசனம் கிடைத்தது அபூர்வம்; நாம் பாரம் ஏற்றியவர்கள், பாரம் இறக்கியவர்கள், சில நாட்களில் பாரத்தோடு பாரமாகப் பின்தட்டில் நின்று போனவர்கள். பின்தட்டில் நின்றவனுக்கும் ஞாபகம் உண்டு அல்லவா? அந்த ஞாபகத்தைத்தான் இன்று அவிழ்க்கப் போகிறேன்.

லொறி வருவதற்கு முன் இந்த மாகாணம் எப்படி இருந்தது? இரத்தினபுரியிலிருந்து களுகங்கை வழியே படகுகள் களுத்துறைக்கு இறங்கின. களனி ஆற்றிலும் அப்படியே. மலைப்பாதைகளில் இரட்டை மாட்டுக் கரத்தைகள் ஊர்ந்தன. பின்னர் புகையிரதம் வந்தது. அதுவும் பெரிய புகையிரதம் அன்று, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் சின்னஞ்சிறு வண்டி. 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த வருஷம் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்காவுக்கும் அந்தக் களனிவெளிப் பாதை நீண்டது. ஆனால் புகையிரதத்துக்கு ஒரு குணம் உண்டு: அது தன் நிலையத்தில் நின்றுகொண்டு "நீ என்னிடம் வா" என்று சொல்லும். லொறியோ ஸ்டோர் வாசலுக்கே வந்து நின்றது. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்து சேர்ந்த இந்தப் புதிய வாகனத்தோடு அந்தச் சின்ன ரயில் எத்தனை நாள் போட்டியிட முடியும்? எட்டியாந்தோட்டைக் கிளை 1942இலேயே மூடப்பட்டது. ஓப்பநாயக்காவுக்குப் போன பகுதியும் 1970களில் மறைந்தது. தண்டவாளம் கிடந்த மேட்டின்மேல் இன்று வீடுகளும் வாழைத்தோட்டங்களும் இருக்கின்றன.

அப்படி வந்த லொறிகளின் குலம் கோத்திரம் என்ன? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்போர்ட், இங்கிலாந்தில் லூட்டன் நகரத்து வொக்ஸ்ஹோல் கம்பனியாரின் பிள்ளை, 1931இல் பிறந்தது. கொழும்பிலும் வொக்ஸ்ஹோல் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் கிளீனர் ஒருவர், அந்தத் தெருவில்தான் பெட்போர்ட் லொறியைச் செய்கிறார்கள் என்று கடைசி வரையில் நம்பிக்கொண்டிருந்தார். நாங்களும் அதைத் திருத்தவில்லை. ஒஸ்டின் பேர்மிங்ஹாமுக்கு உரியது. அல்பியன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1899இல் தோன்றிய கம்பனி. அதன் சின்னம் உதயசூரியன். வண்டியின் நெற்றியில் சூரியனைச் சுமந்துகொண்டு வருகிற யந்திரத்தைக் கண்டு கிழவிகள் சிலர் கைகூப்பியதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

இனி பாதைக்கு வருவோம். ஐரோப்பியச் சாரதியிடம் போய், கொழும்பிலிருந்து இரத்தினபுரி வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், அதுதான் எங்கள் நெடும்பயணம் என்று சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவரைக் கூட்டிவந்து, மூன்று தொன் பாரத்தோடு, பெட்ரோல் யந்திரத்தோடு, தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஒரு ஜூன் மாத இரவில் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கச் சொல்லுங்கள். அல்லது பலாங்கொடையைத் தாண்டிப் பெலிகுல் ஓயாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பெரகலை ஏற்றத்தில் ஏறச் சொல்லுங்கள். அல்லது மாவனெல்லையின் செங்கல் பாலத்தைக் கடந்து கடுகண்ணாவையின் வளைவுகளைச் சந்திக்கச் சொல்லுங்கள். எங்கள் சாரதிகள் தூரத்தை மைலால் எண்ணவில்லை, வளைவால் எண்ணினார்கள். "இன்னும் பதினாலு வளைவு இருக்கு, தூங்காதே" என்பதுதான் கிளீனருக்குச் சொல்லும் கணக்கு.

அந்தக் காலத்துக் கியர்ப்பெட்டி இன்றுள்ளதைப்போல் சொன்னபடி கேட்கிற பெட்டி அன்று. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு கிளச்சை ஒருமுறை மிதித்து, நடுவில் விட்டு, யந்திரத்தின் வேகத்தைக் காதால் அளந்து, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். காது தவறினால் பல்லும் பல்லும் உரசுகிற சப்தம் மூன்று லயத்துக்குக் கேட்கும்; பிரட்டுக்களத்தில் நின்ற ஜனங்கள் "புது டிரைவர்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைச்சாரதியின் வேதம்; பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவனின் பிரேக், பாதி மலையிலேயே சூடேறிக் கையை விரித்துவிடும். ஏற்றத்தில் வண்டி மூச்சுத்திணறி நின்றுவிட்டால், பின்தட்டிலிருந்து கிளீனர் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்கு அண்டைக்கட்டை கொடுக்க வேண்டும். "கட்டைய போட்றா!" என்ற அந்தக் கூக்குரலைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ரேடியேட்டர் கொதித்தால் பாறையிடுக்கில் மூங்கில் வைத்த பீலித் தண்ணீர். பசித்தால் வீதியோரக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், கித்துல் கருப்பட்டித் துண்டோடு ஒரு பிளேன்டீயும். அந்தக் கடைகளில் தமிழ்ச் சாரதியும் சிங்களச் சாரதியும் மாவனெல்லைப் பக்கத்து முஸ்லிம் சாரதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பாலத்தில் வெள்ளம், எந்த வளைவில் மண்சரிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வானொலியில் வராத செய்தி அது. களுகங்கை பெருகினால் இரத்தினபுரி நகரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த லொறியில் ஏறிப்போனது என்ன? திரும்பி வந்தது என்ன? என் உள்ளத்தில் நெடுங்காலமாகக் கிடக்கிற கேள்வி இதுவே.

கேகாலைச் சீமை இறப்பர்ச் சீமை. தெரணியகலைப் பக்கத்து ஒரு தோட்டத்தில், இறப்பர் ஸ்டோரின் புகைக்கூட்டுக்கு விறகு போடுகிறவருக்கு மகனாகப் பிறந்தவன் நான். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் சிரட்டை சிரட்டையாகச் சேர்த்துக் கொண்டுவந்த பால், ஸ்டோரில் அமிலம் சேர்ந்து உறைந்து, உருளையில் நசுங்கித் தகடாகி, என் தகப்பனாரின் புகையில் நாட்கணக்காகத் தொங்கி, தேன்நிறமாய்ப் பழுத்து இறங்கும். அதை மடித்து அடுக்கிப் பொதியாக்கினால், ஒரு பொதியை மூன்று ஆட்கள் சேர்ந்துதான் உருட்டி ஏற்ற வேண்டும். புகைநாற்றம் என்று முகம்சுளிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது தகப்பனின் சட்டை மணம். படங்கை இழுத்துக் கட்டி, கையால் ஹேண்டிலைச் சுற்றி, யந்திரம் இருமுறை இருமி, மூன்றாம் முறை உயிர்பெற்று, லொறி கேட்டைத் தாண்டிப் போகும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேரும் ஜன்னலோரம் நிற்போம். தோட்டத்துக் கேட்டை யாரிடமும் அனுமதி கேளாமல் தாண்டிப்போன ஒரே ஜீவன் அதுதானே?

1952 டிசம்பரில் இலங்கை அரசாங்கம் சீன தேசத்தோடு ஓர் உடன்படிக்கை செய்தது. கொரிய யுத்தகாலத்தில் ஏறிய இறப்பர் விலை சரிந்திருந்தது. உலகச் சந்தையில் அரிசி கிடைப்பதோ அரிதாயிருந்தது. ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 50,000 தொன் இறப்பர் நாம் கொடுப்பது, 270,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது என்பது ஏற்பாடு. அமெரிக்கா முகம் சுளித்தது; ஆயினும் ஒப்பந்தம் நின்றது. இறப்பர்–அரிசி ஒப்பந்தம் என்று சரித்திர புத்தகங்கள் இதை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகின்றன. வர்த்தக மந்திரி ஆர்.ஜி. சேனாநாயக்காவின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டிய பெயர்தான். ஆனால் அந்த இறப்பர் துறைமுகத்துக்குத் தானாக நடந்து போயிற்றா? அந்த அரிசி தோட்டத்துக்குத் தானாக நடந்து வந்ததா? காலையில் புகைத்தகடு ஏற்றிக்கொண்டு அவிசாவளை வழியே இறங்கிய லொறி, மறுநாள் இரவில் அரிசி மூட்டையோடு அதே வளைவுகளில் ஏறி வந்தது. நமக்குப் புரியாத எழுத்துக்கள் அச்சிட்ட சாக்குகள் அவை. பிரட்டுக்களத்தில் அரிசி போடும் நாளில், அளந்து கொடுத்த அரிசியை முந்தானையில் வாங்கிக்கொண்டு, "இது நம்ம ரப்பரு" என்று என் அப்பாயி சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பொருளாதாரப் பேராசிரியர்கள் நீண்ட அத்தியாயங்களில் விளக்குகிற சர்வதேச வர்த்தகத்தை அந்தக் கிழவி மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த லொறியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு, நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பருக்குப் பெரும் ஆதாரமாக இருந்தது நம் தீவுதான். மரம் செத்தாலும் சரி, பால் வந்தால் போதும் என்று வெட்டச் சொன்ன காலம் அது. இங்கே வெட்டிய பால் கடல்கடந்து போய், மேல்நாட்டுத் தொழிற்சாலையில் டயராகி, பெட்போர்ட்டின் காலில் மாட்டிக்கொண்டு, தான் பிறந்த மலைக்கே திரும்பி வந்து, தன் தம்பிமாரைச் சுமந்துகொண்டு இறங்கியது. களனியில் சோவியத் உதவியோடு நமக்கென்று ஒரு டயர்த் தொழிற்சாலை எழும்புவதற்கு 1960கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லொறி இறப்பரையும் தேயிலைப் பெட்டியையும் மட்டுமா சுமந்தது? மாரியம்மன் திருவிழாவில் வாழைமரமும் தோரணமும் கட்டிக்கொண்டு அதுவே தேராயிற்று. துரை பங்களா வாசலில் சாமியைச் சுமந்து நின்று, துரையின் கையாலும் கற்பூரத்தட்டில் காசு விழச் செய்தது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் அதுவே யாத்திரை வண்டி. பிரசவ வேதனையில் துடித்த பெண்களை நடுநிசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுவே. நான் ஒருமுறை, பன்னிரண்டு வயதில், என் சின்னம்மாவோடு அப்படிப் பின்தட்டில் போயிருக்கிறேன். முன் ஆசனத்தில் இடம் இருந்தது; அது உத்தியோகத்தருக்கு உரிய இடம் என்றார் கணக்கப்பிள்ளை. டிரைவர் மாமா ஒன்றும் பேசவில்லை. கேட்டைத் தாண்டி முதல் வளைவு திரும்பியதும் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, சின்னம்மாவைக் கைத்தாங்கலாக முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்தப் பிள்ளைக்கு இன்று அறுபது வயது தாண்டிவிட்டது. இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான்.

அப்புறம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் வந்தது. புதிய லொறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. பஞ்சிகாவத்தைத் தெருவில் ஒரு பெட்போர்ட்டின் தலையையும், இன்னொன்றின் கையையும், மூன்றாவதின் காலையும் வாங்கிவந்து பொருத்தி, நரசிம்மமூர்த்தியைப்போல் இன்னதென்று பிரித்தறிய முடியாத வாகனங்களை நம் மெக்கானிக்குகள் சிருஷ்டித்தார்கள். மேல்நாட்டார் பத்து வருஷத்தில் உடைத்துப் போட்ட வண்டியை இவர்கள் முப்பது வருஷம் ஓட்டினார்கள். இந்தக் கைகளுக்கு எந்தச் சர்வகலாசாலை பட்டம் கொடுத்தது? 1970களில் அரிசி கொண்டுசெல்லத் தடையும் வந்தது. வீதித்தடையில் லொறியை நிறுத்தி, படங்கை அவிழ்த்து, ஒளித்துவைத்த அரிசி உண்டா என்று தேடினார்கள். சீனத்து அரிசி ஏற்றி வந்த அதே தட்டில் ஒளித்த அரிசி கண்டுபிடிக்கப்பட்டால் குற்றம். தோட்டங்களில் பட்டினிச்சாவு நடந்த வருஷங்கள் அவை. நான் அதை விரித்துப் பேச விரும்பவில்லை. இங்கிருக்கும் முதியவர்களுக்கு விரிக்கத் தேவையில்லை.

சற்றுப் பின்னோக்கி, 1964ஆம் வருஷத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து இரண்டு துணிகரமான மனிதர்கள் ஒரு கை வாரியர் லொறியை ஓட்டிக்கொண்டு, ஐரோப்பாவைத் தாண்டி, துருக்கியைத் தாண்டி, பாரசீகத்தைத் தாண்டி, காபூல் நகரம் வரை சென்றார்கள். மேல்நாட்டு நெடும்பயண லொறிச் சரித்திரத்தில் அது ஒரு பொன்னேடு. அதே வருஷம் அக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள்: நம்மவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. நம்முடைய நெடும்பயணம் அங்கே தீர்மானிக்கப்பட்டது. யாரும் அதைப் பொன்னேடு என்று எழுதவில்லை.

அந்தப் பயணத்தின் முதற்கட்டம் தோட்டத்து லொறிதான். தகரப்பெட்டி, அம்மி, சாமி படம், சுருட்டிய பாய், பழைய குடை. இவற்றின் நடுவே குடும்பம். கேகாலைப் பக்கத்தார் பொல்காவலை நிலையத்துக்கும், அவிசாவளைப் பக்கத்தார் கொழும்புக் கோட்டைக்கும் போய், அங்கிருந்து தலைமன்னார் ரயில், அப்புறம் கப்பல், அப்புறம் இராமேஸ்வரம், மண்டபம் முகாம். லொறி புறப்படும்போது எழுந்த ஒப்பாரியை நான் எதனோடு ஒப்பிடுவேன்? மரணவீட்டில் ஒருவருக்காக அழுவார்கள். இங்கே இருப்பவர்கள் போகிறவர்களுக்காகவும், போகிறவர்கள் இருப்பவர்களுக்காகவும் ஒரே சமயத்தில் அழுதார்கள். டிரைவர் மாமா ஹோர்னை அழுத்தவே மாட்டார். மற்ற நாட்களில் வளைவுக்கு வளைவு அடிக்கிறவர், அந்த நாளில் மட்டும் சத்தமில்லாமல் இறங்குவார். இறப்பர் இறங்கினால் அரிசி ஏறி வந்தது. மனிதர் இறங்கினார்கள்; லொறி வெறுந்தட்டோடு ஏறி வந்தது.

அதற்கப்புறமும் லொறிகள் மனிதரை ஏற்றின. 1977 இனக்கலவரத்திலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 கலவரத்திலும், எரிந்த லயங்களிலிருந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் பலர் லொறித்தட்டில்தான் போனார்கள். அவர்களைப் படங்குக்கு அடியில் மறைத்துக்கொண்டு போன சிங்களச் சாரதிகள் இருந்தார்கள். அவர்களுடைய பெயரை இந்த மேடையில் சொல்ல எனக்கு அனுமதியில்லை, ஆனால் அவர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை.

இன்று நிலைமை வேறு. 1977க்குப் பிறகு ஜப்பானிய வண்டிகள் வந்தன. இசுசு எல்ப் ஏற்றத்தில் இருமுவதில்லை, அண்டைக்கட்டை கேட்பதில்லை. தேயிலை மரப்பெட்டியில் போவதில்லை, காகிதச் சாக்கில் போகிறது. பெரிய பெட்போர்ட் லொறிகளின் உற்பத்தி 1980களின் நடுவிலேயே இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. நல்லதே. அந்தச் சாரதிகளின் முதுகெலும்பையும், அந்தக் கிளீனர்களின் நசுங்கிய விரல்களையும் பார்த்தவன் நான். பழைய காலமே திரும்பி வரட்டும் என்று எந்தப் பைத்தியக்காரன் கேட்பான்? நான் கேட்பது வேறு. புகையிரதத்துக்குக் கடுகண்ணாவையில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. தேயிலைக்கு ஹந்தானையில் ஒன்று இருக்கிறது. நம் லொறிக்கு, நம் சாரதிக்கு, நம் கிளீனருக்கு ஒரு தகரக் கொட்டகையாவது வேண்டாமா?

சென்ற மாதம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய புகைக்கூட்டுக்குப் பின்னால், பன்னைச்செடி மூடிய இடத்தில், ஒரு பெட்போர்ட்டின் எலும்புக்கூடு கிடக்கிறது. தட்டுப் பலகைகளை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யந்திரம் இல்லை. முகப்பும், ஸ்டியரிங் வளையமும், ஒரு சக்கரமும் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து விலை பேசிப் போயிருப்பதாகக் காவல்காரர் சொன்னார்.

உங்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வண்டி கிடக்குமானால், ஒரு பழைய சாரதியின் லைசென்ஸ் புத்தகமோ, லொறித் தேரின் முன் நின்று எடுத்த புகைப்படமோ, ஏற்றியிறக்கிய கணக்குக் கொப்பியோ உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்குமானால், இரும்புக்காரர் மூன்றாம் தடவை வருவதற்கு முன்னால் நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்துக்கு ஒரு தபாலட்டை எழுதிப் போடுங்கள். எங்கே கிடக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வந்து எடுத்துக்கொள்வதற்கு நாங்கள் ஒரு லொறி பிடித்துக்கொள்கிறோம்.